ஜினசேனாசாரியர் இருவர்

நம் ஜினாலயங்களில் காலைப் பூசனையின்போது பகவானின் ஆயிரத்தெட்டுத் திருநாமங்களை ஓதக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சொற்பொருள் விளங்காத இளம்பருவத்திலேயே அந்நாமாவளியின் ஓசை நம் செவியில் நிலைத்துவிடுகிறது. அதனை அருளிச்செய்தவர் யாவர் என்று வினவினால், ஜினசேனாசாரியர் எனப் பெரியோர் விடை பகர்வர். நேமிநாத பகவானின் வரலாற்றை விரித்துரைக்கும் ஹரிவம்ச புராணத்தை வடமொழியில் இயற்றியவர் யாவர் என்று வினவினும், ஜினசேனாசாரியர் என்பதே விடை. இரண்டும் பிழையற்ற விடைகளே. ஆயினும் அவை ஒரு மாமுனிவரைச் சுட்டுவன அல்ல. ஒரே பெயர் தாங்கி, ஏறத்தாழ ஒரே காலத்தில் வாழ்ந்த இரு மாமுனிவர்களைச் சுட்டுவன. இதனை அறியாது இருவரையும் ஒருவராக்கி எழுதியவர்கள் கற்றோர் நடுவிலும் ஒரு காலத்தில் இருந்தனர். இக்கட்டுரையாளனும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தவன்தான்.

நம் சமயத்தில் பெயரொற்றுமை மிகுதியாக நேர்வதற்குக் காரணம் உண்டு. துறவு மேற்கொள்பவர் இல்லறத்துப் பெயரை ஆடையணிகளுடன் களைந்துவிடுகிறார். ஆசாரியர் சூட்டும் புதுப்பெயரோ, அவருடைய சங்கத்தில் வழிவழியாக வழங்கும் பெயர்களுள் ஒன்றாகவே பெரும்பாலும் அமைகிறது. சேனர், நந்தி, கீர்த்தி, சந்திரர், பத்திரர் என்று சில ஈறுகளே மீண்டும் மீண்டும் வருதலைப் பட்டாவளிகளில் காணலாம். மடங்களிலோ பெயர் ஆளுக்கு உரியதன்று, பீடத்துக்கு உரியது. மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்துப் பட்டத்தில் அமர்பவர் எவராயினும் இலக்ஷ்மீசேனரே. கோலாப்பூர்ப் பீடத்திலும் அப்பெயரே வழங்குகிறது. சிரவணபெளகொளத்திலும் மூடபித்ரியிலும் பட்டம் ஏற்போர் சாருகீர்த்தி எனப்படுகின்றனர். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வாளர் இலக்ஷ்மீசேனர் என்ற பெயரை மட்டும் ஓர் ஏட்டில் கண்டால், எந்நாட்டில் எந்நாளில் வாழ்ந்த எவரென்று துணிவார்? உடன் குருவின் பெயர் வேண்டும், ஊர் வேண்டும், ஆண்டு வேண்டும். நம் நல்வினைப் பயனாக, ஜினசேனர் இருவருமே இவற்றைத் தம் நூல்களின் இறுதிப் பாயிரத்தில் குறித்து வைத்தனர். பிரசஸ்தி எனப்படும் அப்பாயிரங்களே இருவரையும் பிரித்துக் காட்டும் விளக்குகள்.

முதலில், ஆதிபுராணம் அருளிய ஜினசேனரைக் காண்போம்.

தம் பெற்றோரையோ பிறந்த ஊரையோ அவர் எங்கும் கூறவில்லை. துறந்தவருக்கு அவை எதற்கு என்று கருதினார் போலும். ஆனால் தம்மைப் பற்றிச் சில செய்திகளை ஜயதவளை என்னும் பேருரையின் இறுதியில் மிக்க அடக்கத்துடன் தெரிவிக்கிறார். நம் இல்லங்களில் குழந்தைக்குக் காது குத்தி மகிழ்வது இன்றும் உள்ள வழக்கமன்றோ? அச்சடங்கு நிகழுமுன்னரே அவர் துறவு வாழ்வில் புகுந்துவிட்டார். ஊசியால் துளைக்கப்படாத அக்காதுகளைப் பின்னர் ஞானமாகிய ஊசியே துளைத்தது என்பது அவர் கூறும் நயம். தாம் பேரழகர் அல்லர் என்றும், மிகுந்த சாமர்த்தியம் உடையவரும் அல்லர் என்றும், அவ்வாறிருந்தும் கலைமகள் தம்மை விட்டகலாது பணிபுரிந்தாள் என்றும் குறிக்கிறார். உடல் மெலிந்தவர், ஆயினும் தவத்தில் மெலியாதவர். இப்படித் தம் தோற்றத்தையும் இளமையையும் எழுதி வைத்த ஆசாரியர்கள் நம் மரபில் மிகச் சிலரே.

அவரை வளர்த்து ஆளாக்கியவர் வீரசேனாசாரியர். பஞ்சஸ்தூப அந்வயம் என்பது அவர்தம் குருமரபு. அது வடநாட்டில் வேரூன்றிய பழைய மரபு. வங்கத்துப் பாஹாட்பூரில் கிடைத்த கி.பி. 479ஆம் ஆண்டுச் செப்பேட்டில், காசியைச் சார்ந்த பஞ்சஸ்தூப மரபின் நிர்க்கிரந்த முனிவர்கள் குறிக்கப்பெறுகின்றனர். அம்மரபில் வந்த வீரசேனர், சித்திரகூடபுரத்தில் வாழ்ந்த ஏலாசாரியர் என்பாரிடம் சித்தாந்தங்களைக் கற்றார். பின்னர் வாடகிராமம் என்னும் ஊரை அடைந்து அங்குள்ள ஜினாலயத்தில் தங்கி உரை எழுதத் தொடங்கினார்.

ஏலாசாரியர் என்ற பெயரைக் கண்டதும் தமிழ்ச் சமணர் நெஞ்சம் பொன்னூர் மலைக்குச் செல்லும். திருக்குறளை அருளியவர் என நம் மரபு போற்றும் குந்தகுந்தாசாரியருக்கும் ஏலாசாரியர் என்பது ஒரு பெயர். ஆனால் வீரசேனருக்குப் பாடஞ்சொன்ன ஏலாசாரியர் 8ஆம் நூற்றாண்டினர். குந்தகுந்தரோ அவருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவர். பெயரொன்றைக் கொண்டே இருவரையும் இணைத்துவிட்டால், குந்தகுந்தரின் காலமே இழுபட்டுப் பின்னே வந்துவிடும். பெயர்மயக்கம் சிறு பிழையன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

வீரசேனர் தொடங்கிய பணி எளியதன்று. தரசேனாசாரியரிடம் கேட்டவற்றைப் புட்பதந்தரும் பூதபலியும் நூலாக்கிய ஷட்கண்டாகமத்திற்கு அவர் எழுதிய உரை தவளை. அதன் அளவு 72,000 கிரந்தங்கள். முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு கிரந்தம் என்று கணக்கிடுவது பண்டை வழக்கு. அவ்வுரை சகம் 738இல், அதாவது கி.பி. 816இல், நிறைவுற்றது என்பது பலரும் ஏற்கும் கணக்கு. அதன்பின் குணதராசாரியர் அருளிய கஷாயப் பிராபிருதத்திற்கு ஜயதவளை என்ற உரையைத் தொடங்கினார். உயிரைப் பிணிக்கும் விருப்பு வெறுப்புகள் எவ்வாறு தோன்றுகின்றன, எவ்வாறு கட்டுகின்றன, எவ்வாறு தேய்கின்றன என்பதை நுணுகி ஆராயும் நூல் அது. 20,000 கிரந்த அளவு எழுதியபோது வீரசேனர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

குரு விட்ட இடத்தில் மாணவர் எழுத்தாணியை எடுத்தார். மேலும் 40,000 கிரந்தங்கள் எழுதி, 60,000 கிரந்தமாக ஜயதவளையை நிறைவேற்றினார் ஜினசேனர். நிறைவேறிய நாளும் பதிவாகியுள்ளது. சகம் 759, பங்குனி மாதத்து வளர்பிறைத் தசமி, நந்தீஸ்வரப் பூசனைக் காலம், வாடகிராமம், அமோகவர்ஷனின் ஆட்சி. இது கி.பி. 837ஆம் ஆண்டு. ஸ்ரீபாலர் என்ற முனிவர் உரையைப் பார்வையிட்டுச் செப்பஞ்செய்தார் என்பதையும் ஜினசேனர் மறவாது எழுதுகிறார். குருவின் எழுத்து எங்கு முடிகிறது, தம் எழுத்து எங்குத் தொடங்குகிறது என்பது படிப்போருக்குத் தெரியாத வண்ணம் அவ்வுரை ஒரே நடையில் ஓடுகிறது. பெரும்பகுதி பிராகிருதம்; இடையிடையே வடமொழி. மணியும் பவளமும் கோத்தது போன்ற இந்நடையை மணிப்பிரவாளம் என்ற சொல்லாலேயே அவர் குறிக்கிறார். தமிழில் நம் ஸ்ரீபுராணத்தின் நடைக்கு வழங்கும் பெயரும் அதுவே என்பது எண்ணி மகிழத்தக்கது.

தவளை, ஜயதவளை ஆகியவற்றின் பழைய ஏடுகள் மூடபித்ரி பசதியில் பல நூற்றாண்டுகள் வெளியார் படித்தறிய இயலாதவாறு காக்கப்பெற்று, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுக்கத் தொடங்கப்பட்டன. ஹீராலால் ஜைன் அவர்களின் பெருமுயற்சியால் தவளை 1939 முதல் 16 தொகுதிகளாக அச்சேறியது. ஜயதவளையும் அதனையடுத்து வெளிவந்தது. தமிழ்நாட்டில் அதனை முழுதும் கற்றவர் எத்தனை பேர் இருப்பர் என்று நினைக்க நாணமாக உள்ளது.

சித்தாந்த உரையாசிரியர் என்றால் வறண்ட எழுத்தாளர் என எண்ணிவிடலாகாது. ஜினசேனர் காவியகர்த்தர். தம்முடன் பயின்ற விநயசேனர் என்னும் முனிவர் வேண்டிக்கொண்டதற்கிணங்கப் பார்சுவாப்யுதயம் என்ற காவியத்தை இயற்றினார். அதன் அமைப்பு வியப்புக்குரியது. காளிதாசரின் மேகதூதத்தை அவர் முழுதுமாகத் தம் காவியத்துள் அடக்கிவிட்டார். ஒவ்வொரு பாடலிலும் ஓரடியோ ஈரடியோ மேகதூதத்தினுடையது. எஞ்சிய அடிகள் ஜினசேனருடையவை. பிரிந்த காதலிக்கு மேகத்தைத் தூதனுப்பிய யக்ஷனின் சொற்கள், பார்சுவநாத பகவான் தவத்தில் நிற்கும்போது பழம்பகை கொண்டு அவரை வருத்தும் கமடனின் சொற்களாகப் பொருள்மாறி ஒலிக்கின்றன. காமச்சுவைப் பாடல் ஒன்று எழுத்துக் குறையாமல் தவத்தின் வெற்றியைப் பாடும் காவியமாயிற்று. 364 பாடல்கள் கொண்ட இந்நூல் இன்று வடமொழிப் புலவர்க்கு மற்றொரு வகையிலும் பயன்படுகிறது. 9ஆம் நூற்றாண்டில் மேகதூதம் எத்தனைப் பாடல்களுடன் எவ்வாறு வழங்கியது என்பதை அறிய இதுவே மிகப் பழைய சான்று.

இக்காவியத்திற்குப் பிற்காலத்தில் உரை வகுத்த ஒருவர் ஒரு கதை கூறுகிறார். காளிதாசர் அமோகவர்ஷனின் அவைக்கு வந்து செருக்குடன் மேகதூதத்தைப் படித்தாராம். ஒருமுறை கேட்டதை மறவாத ஜினசேனர், அது பழைய நூலொன்றிலிருந்து களவாடப்பட்டது எனச் சொல்லி, சில நாள் தவணை கேட்டு, பார்சுவாப்யுதயத்தை இயற்றிக் கொணர்ந்து காட்டிக் காளிதாசரைத் தலைகுனியச் செய்தாராம். ரவிகீர்த்தி என்னும் சமணப் புலவர் பொறித்த கி.பி. 634ஆம் ஆண்டு ஐஹொளெக் கல்வெட்டிலேயே காளிதாசரின் புகழ் பேசப்படுகிறது. அமோகவர்ஷன் அரியணை ஏறியதோ 814ஆம் ஆண்டு வாக்கில். எனவே கதை நில்லாது. அன்றியும், சத்திய மகாவிரதம் பூண்ட ஆசாரியரின் வாயில் ஒரு பொய்யை வைப்பதால் அவருக்குப் பெருமை சேரும் என்று அவ்வுரைகாரர் எங்ஙனம் கருதினார் என்பதும் விளங்கவில்லை.

அமோகவர்ஷன் என்பதும் பட்டப்பெயரே. இராட்டிரகூடர் குலத்தில் அப்பெயரினர் மூவர். நாம் பேசுவது முதலாம் அமோகவர்ஷனை. இளஞ்சிறுவனாக அரசு ஏற்று, மான்யகேடத்திலிருந்து அறுபதாண்டுகளுக்கு மேல் ஆண்டவன். இன்று கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் மால்கேட் என வழங்கும் சிற்றூரே அம்மாநகரம். ஜினசேனரின் திருவடிகளில் முடிபணிந்து, அன்று தான் தூய்மை பெற்றதாக அம்மன்னன் எண்ணினான் என்று ஜினசேனரின் மாணவர் குணபத்திரர் பதிவு செய்கிறார். அவனை முற்றும் சமணனாகவே காட்ட விழைவோர் நம்மவரில் உண்டு. ஆனால் நாட்டுக்கு நேர்ந்த துன்பம் நீங்கத் தன் விரலை மகாலட்சுமிக்கு அறுத்தளித்தான் என்று சஞ்ஜான் செப்பேடு, கி.பி. 871, கூறுகிறது. ஆசாரியரை வணங்கினான் என்பதும் மெய். தேவி வழிபாட்டை விடவில்லை என்பதும் மெய். உள்ளதை உள்ளவாறு ஏற்பதில் ஜினசேனருக்கு யாதொரு குறையும் இல்லை.

இனி மற்றொரு ஜினசேனரிடம் வருவோம்.

அவர் புன்னாட சங்கத்தைச் சார்ந்தவர். புன்னாடு என்பது கபினி ஆற்றுப் பகுதியில், கர்நாடகத்தின் தென்கோடியில் இருந்த பழைய நாடு. அந்நாட்டின் பெயர் பூண்ட சங்கத்தினர் வடமேற்கே சென்று அறம் பரப்பினர். வடநாட்டுப் பஞ்சஸ்தூப மரபினர் தக்கணத்தில் உரை எழுத, தென்னாட்டுப் புன்னாட மரபினர் மேற்கே புராணம் பாடியமை நம் முனிவர்கள் எவ்வளவு தொலைவு நடந்தனர் என்பதைக் காட்டும். இவருடைய குரு கீர்த்திசேனர். வர்த்தமானபுரம் என்னும் நகரில், நன்னராசன் எடுப்பித்த பார்சுவநாதர் ஆலயத்தில் ஹரிவம்ச புராணத்தைத் தொடங்கி, தோஸ்தடிகை என்னும் ஊரின் சாந்திநாதர் ஆலயத்தில் நிறைவு செய்தார். வர்த்தமானபுரம் சௌராட்டிரத்து வட்வாண் என்பார் ஒரு சாரார். மாளவத்துப் பத்னாவர் என்பார் மற்றொரு சாரார். ஆண்டு பற்றி ஐயமே இல்லை. சகம் 705, கி.பி. 783.

அறுபத்தாறு சருக்கங்கள் கொண்ட அப்பெருநூல் நேமிநாதர், கண்ணன், பாண்டவர் வரலாறுகளைக் கூறுவது. வரலாற்றாசிரியர்கள் அதனைப் போற்றுவதற்கு வேறு காரணம் உண்டு. நூல் முடிந்தபோது வடக்கே இந்திராயுதனும், தெற்கே கிருஷ்ணனின் மைந்தனாகிய ஸ்ரீவல்லபனும், கிழக்கே அவந்தி மன்னன் வத்ஸராசனும், மேற்கே ஜயவராகனும் நாட்டைக் காத்தனர் என்று அவர் எழுதிவைத்தார். இவ்வொரு பாடலைக்கொண்டே 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவின் அரசியல் நிலை வரையறுக்கப்படுகிறது. இங்கும் பெயர்மயக்கம் விடவில்லை. கிருஷ்ணனுக்குக் கோவிந்தன், துருவன் என மைந்தர் இருவர். ஸ்ரீவல்லபன் எனப்பட்டவன் அவருள் எவன் என்பதில் வாதம் நீண்டுகொண்டே போயிற்று. இதனோடு, மகாவீர பகவானுக்குப் பின் தம் காலம்வரை வந்த ஆசாரியர்களின் நீண்ட வரிசையையும் அவர் தந்திருக்கிறார். தம் குருமரபை இத்துணை விரிவாகப் பதிந்தவரை வேறொரு மரபினராகக் கருதியது பெரும் பிழையன்றோ?

ஐயத்தை அறவே போக்கும் சான்று அந்நூலின் தொடக்கத்தில் உள்ளது. காவிய மரபுப்படி, முன்னோரையும் சமகாலத்துச் சான்றோரையும் புகழ்ந்து பாடுகிறார் புன்னாட ஜினசேனர். சமந்தபத்திரர், சித்தசேனர், தேவநந்தி, பதும சரிதம் பாடிய ரவிஷேணர், வராங்க சரிதம் பாடிய ஜடாசிம்மநந்தி என்று வரும் அவ்வரிசையில் வீரசேனரின் புகழ் பேசப்படுகிறது. அதனையடுத்து, பார்சுவ ஜினேந்திரரின் குணங்களைப் போற்றிப் பாடியதால் புகழ்பெற்ற ஜினசேனர் ஒருவர் குறிக்கப்பெறுகிறார். ஒரு ஜினசேனர் மற்றொரு ஜினசேனரைப் புகழ்கிறார். தம் பெயரையே பிறருக்குரியதாக வைத்துப் பாராட்டும்போது அவர் மனத்தில் என்ன தோன்றியிருக்கும்! இரு சங்கத்தினர், இரு குருமார், இடையே பல நாட்டு எல்லைகள். புகழ்ச்சியில் மட்டும் குறைவில்லை. இருவரும் ஒருவரே என்று கொண்டால், முனிவர் ஒருவர் தம்மையே தம் நூலில் போற்றிக்கொண்டார் என்றாகும். தம் அழகின்மையை எழுதி வைத்த ஜினசேனருக்கோ, பிறரைத் தேடித் தேடிப் பாராட்டிய ஜினசேனருக்கோ இப்பழி பொருந்தாது.

இப்பாராட்டு நமக்கு மற்றொன்றையும் தருகிறது. வாடகிராமத்து ஜினசேனர் கி.பி. 783க்கு முன்னரே கவிஞராகப் பெயர் பெற்றுவிட்டார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதேனும் ஆகியிருக்கும் எனக் கொண்டால், ஜயதவளை நிறைவேறிய 837இல் எண்பதை நெருங்கியிருத்தல் வேண்டும். பார்சுவாப்யுதயத்தின் இறுதியில் அமோகவர்ஷனுக்கு வாழ்த்து வருவதால், 783க்கு முன் பாடப்பட்டது வேறொரு துதியாக இருக்கலாம். அன்றி, வாழ்த்து மட்டும் பின்னர்ச் சேர்க்கப்பட்டிருக்கலாம். எவ்வாறாயினும், நீண்ட ஆயுளும் தளராத எழுத்தும் வாய்ந்த ஒருவரின் வடிவம் நம் முன் தெளிவாக எழுகிறது. இருவரையும் குழப்பிய வரையில் இவ்வடிவம் புலப்படவில்லை.

ஜினசேனர் என்ற பெயர் இவ்விருவரோடு நின்றுவிடவுமில்லை. 11ஆம் நூற்றாண்டில் முளகுந்தத்தில் வாழ்ந்து, பைரவ பத்மாவதி கல்பம் முதலியன இயற்றிய மல்லிஷேணரின் குருவும் ஒரு ஜினசேனரே. அவர் கனகசேனரின் மாணாக்கர். அம்மல்லிஷேணர் 1047இல் மகாபுராணம் என்ற பெயரிலேயே ஒரு நூலும் செய்தார் என்பது குழப்பத்திற்கு மேலும் இடந்தருவது. மல்லிஷேணர் என்ற பெயரினரோ இன்னும் பலர். 1129இல் சிரவணபெளகொளத்தில் ஸல்லேகனை மேற்கொண்ட மல்லிஷேண மலதாரி ஒருவர். சியாத்வாத மஞ்சரி எழுதிய சுவேதாம்பர முனிவர் ஒருவர். நமக்கு உரியவராகிய, மேருமந்தர புராணம் அருளிய வாமன முனிவரும் ஒரு மல்லிஷேணரே. அவர்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

ஜயதவளை முடிந்த பின் வேறெவராயினும் ஓய்ந்திருப்பர். நம் ஜினசேனர், திரிஷஷ்டி சலாகா புருஷர் அறுபத்து மூவரின் வரலாற்றையும் ஒரே மகாபுராணமாகப் பாடும் பணியை மேற்கொண்டிருந்தார். கவி பரமேசுவரர் என்பார் முன்னரே உரைநடையில் செய்திருந்த புராணத்தை வழிகாட்டியாகக் கொண்டார். முதற்பகுதியாகிய ஆதிபுராணம் ரிஷப பகவானின் முற்பிறவிகளில் தொடங்குகிறது. நீலாஞ்சனை ஆடிக்கொண்டிருக்கையிலேயே ஆயுள் முடிந்து மறைவதும், அதனைக் கண்ட பகவான் அரசு துறப்பதும், பரதனும் பாகுபலியும் பொருததும், வென்ற பாகுபலி வெற்றியை வெறுத்துக் கானகம் புகுவதும் அவர் பாடியவாறே பின்வந்த கன்னடப் புலவர் பம்பருக்கும் பிறர்க்கும் மூலமாயின. சமவசரணத்தில் வீற்றிருக்கும் பகவானை இந்திரன் ஆயிரத்தெட்டுத் திருநாமங்களால் துதிப்பதாக வரும் பகுதியே 25ஆம் பருவம். நாம் ஓதும் சகஸ்ரநாமம் அதுவே. 38ஆம் பருவத்தில், கருவுறுதல் தொடங்கி வீடுபேறு ஈறாக ஐம்பத்து மூன்று கிரியைகள் விதிக்கப்பெறுகின்றன. பெயரிடுதல், சோறூட்டுதல், எழுத்தறிவித்தல், உபநயனம் என நம் இல்லங்களில் நிகழும் சடங்குகளுக்குச் சமண நெறியில் அடிப்படை வகுத்தவர் இவரே. புன்னாட ஜினசேனரும் தம் நூலின் முற்பகுதியில் ரிஷப பகவானின் சரிதத்தைச் சுருக்கிக் கூறுகிறார். ஆயினும் அச்சடங்கு நெறிக்கு உரியவர் வீரசேனரின் மாணவராகிய ஜினசேனர்.

நாற்பத்திரண்டு பருவங்கள் முடிந்தன. நாற்பத்து மூன்றாம் பருவத்தில் மூன்று பாடல்கள் எழுதினார். அத்துடன் அவர் எழுத்து நின்றது. 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் இவ்வுலகை நீத்தார் என்பர். குருவின் குறைநூலை முடித்தவருக்குத் தம் நூலும் குறையாகவே நின்றது.

இறுதிக் காலத்தில் ஜினசேனர் மாணவர் இருவரை அழைத்து, எதிரே நின்ற பட்டமரத்தைப் பாடுமாறு பணித்ததாகக் கர்ண பரம்பரைக் கதை ஒன்று உண்டு. ஒருவர் கடுமையான சொற்களால் கூறினார். குணபத்திரரோ அதே பொருளை மென்மையும் இனிமையும் ததும்பக் கூறினார். ஆகவே நூலை முடிக்கும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது என்பது கதை. காதம்பரி எழுதிய பாணரைப் பற்றியும் அவர் மைந்தரைப் பற்றியும் இதே கதை சொல்லப்படுகிறது. பெயர் மட்டுமன்று, கதையும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய்விடும் போலும்.

குணபத்திரர் என்ற பெயரும் நம்மை மயக்கியதுண்டு. சூடாமணி நிகண்டு செய்த மண்டலபுருடரின் ஆசிரியர் பெயர் குணபத்திரர். அவர் திருநறுங்கொண்டையோடு தொடர்புடையவர். நிகண்டில் கிருட்டிணராயன் பெயரும் வருகிறது. உத்தரபுராணம் பாடிய குணபத்திரர் காலத்திலும் அகாலவர்ஷன் எனப்பட்ட இராட்டிரகூடக் கிருஷ்ணன் ஆண்டான். குருவின் பெயரும் ஒன்று. அரசன் பெயரும் ஒன்று. இரண்டும் ஒருங்கே ஒத்துவரக் கண்டு, மண்டலபுருடரை 9, 10ஆம் நூற்றாண்டினர் என்று துணிந்தோர் உளர். ஆனால் நிகண்டு குறிப்பது விசயநகரத்துக் கிருஷ்ணதேவராயரை என்பதும், அதனால் மண்டலபுருடர் 16ஆம் நூற்றாண்டினர் என்பதும் இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. நம் திருநறுங்கொண்டைக் குணபத்திரர் வேறு. ஜினசேனரின் மாணவர் வேறு. தமிழ்நாட்டவராக அவரைக் கொள்ளும் பெருமை நமக்குக் கிட்டாவிடினும், அவரும் ஜினசேனரும் பாடிய மகாபுராணமே தமிழில் ஸ்ரீபுராணமாக வந்து, நம் முன்னோர் வீடுதோறும் ஏடு வைத்துப் படித்த நூலாயிற்று.

குணபத்திரர் ஜினசேனரையும், அவருடன் பயின்ற தசரத குருவையும் தம் ஆசிரியர்களாகக் கூறுகிறார். நாற்பத்து மூன்றாம் பருவத்தின் நான்காம் பாடலிலிருந்து தொடங்கியபோது, அவர் தம் பணியைக் கரும்புக்கு ஒப்பிட்டார். கரும்பின் அடிப்பகுதி சுவை மிக்கது, நுனி எவ்வாறோ அமையட்டும் என்று எண்ணியே தொடங்குவதாகக் கூறினார். தம் சொல்லில் இனிமை காணப்படின் அது குருவினுடையதே என்றும் அடக்கத்துடன் மொழிந்தார். 1,620 பாடல்கள் பாடி, 12,000 பாடல் அளவில் ஆதிபுராணத்தை நிறைவேற்றினார். பின்னர் எஞ்சிய இருபத்து மூன்று தீர்த்தங்கரர்களின் வரலாற்றையும், அவர்கள் காலத்துச் சக்கரவர்த்திகள், பலதேவர், வாசுதேவர் சரிதங்களையும் உத்தரபுராணமாகச் சுருங்கப் பாடினார். நமக்குச் சிந்தாமணியால் அறிமுகமான சீவகனின் வரலாறும் அதனுள் இடம்பெற்றுள்ளது.

சகம் 820, கி.பி. 898இல், குணபத்திரரின் மாணவர் லோகசேனர் அந்நூலின் இறுதிப் பாயிரத்தை எழுதினார். அமோகவர்ஷனின் தானைத்தலைவனாகிய பங்கேயன் பெயரால் அமைந்த பங்காபுரத்தில், அவன் மைந்தன் லோகாதித்தன் ஆளுகையில், பவ்வியர்கள் கூடி மகாபுராண ஏட்டிற்குப் பூசனை செய்தனர்.